தறிச் சத்தத்துக்குச் சுருதி வைத்த கிட்டார்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு ஒரு வசதி உண்டு. எது தன்னால் முடியாது என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அந்த வசதியால்தான் கூலித் தறியில் நின்ற நான் சொந்தமாக விசைத்தறிப் பட்டறை போட்டேன். ஜலகண்டாபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி கந்தசாமி பட்டறை எது என்று கேட்டால், டீக்கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கைகாட்டுவார். அதே வசதியால்தான் என் மகளின் கல்யாண வரவேற்பில் மேடையேறி கிட்டாரும் வாசித்தேன். (இதைப் படிக்கும்போது என் மச்சான் முருகேசன் இந்த வரியிலேயே சிரிக்க ஆரம்பித்திருப்பான். சிரிக்கட்டும், வயிறு குறையும்.)

எல்லாம் பெண் பார்க்க வந்த அன்று ஆரம்பித்தது. மாப்பிள்ளை வீடு சேலத்தில் படித்தவர்களும் பணக்காரர்களும் இருக்கிற ஃபேர்லேண்ட்ஸ் பகுதி. மாப்பிள்ளையின் அம்மா வீணை சொல்லிக்கொடுக்கிறவர். அதிகம் பேசமாட்டார். அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தாலே எனக்கு என்னுடைய ஐந்தாம் வகுப்பு ஞாபகம் வந்தது. காபி குடித்து முடித்து மெதுவாகக் கேட்டார்.

"உங்க வீட்ல யாருக்காவது சங்கீதம் உண்டுங்களா?"

எங்கள் சுவரில் ஒரு கிட்டார் தொங்கியது. மகள் சுகன்யா காலேஜில் படிக்கிறபோது ஆசைப்பட்டு வாங்கி, ஒரு வாரம் தடவிப் பார்த்துவிட்டு மாட்டியது. அந்தம்மாவின் கண் அதன் மேல் போனது. என் வாய் முந்திக்கொண்டது.

"எனக்குத்தானுங்க. அப்பப்ப வாசிக்கிறது."

உள்ளேயிருந்து ஒரு டம்ளர் விழுந்த சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரி செல்வி.

"அப்படீங்களா," என்று அந்தம்மா முதல்முறையாகச் சிரித்தார். "அப்ப ரிசப்ஷன்ல ஒரு பாட்டு வாசிக்கணும். நான் முன்வரிசையில உக்காந்து கேப்பேன்."

அவர்கள் கார் தெருவைத் தாண்டியதும் மகள் வந்து நின்றாள்.

"அப்பா, உங்களுக்கு எங்கீங்கப்பா கிட்டார் வரும்?"

"வராட்டிப் போயிக் கத்துக்கிட்டு வாரேன் சாமி. கல்யாணத்துக்கு இன்னும் எத்தனையோ நாள் கெடக்குது."

"அவங்க அதுலயே ஊறுனவங்கப்பா. நாளைக்கு அந்த ஊட்டுல நாந்தான் இருக்கோணும்."

எனக்கும் அது தெரிந்தே இருந்தது. படிக்காத மனுஷன் என்று அந்தம்மா நினைத்தால் பரவாயில்லை, அது உண்மை. புளுகன் என்று நினைத்துவிட்டால் என் மகள் அந்த வீட்டில் எப்படித் தலைநிமிர்ந்து காபி போடுவாள்? ஆக, வாசித்தே தீரவேண்டும்.

சேலத்தில் ஒரு கிட்டார் வகுப்பில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்த கார்த்திக் நல்ல பையன். குறை என் விரல்களில்தான் இருந்தது. அறுந்த நூலை ஓடுகிற தறியிலேயே முடிச்சுப் போடுகிற விரல்கள் இவை, ஆனால் தடித்தவை. ஒரு கம்பியை அழுத்தினால் பக்கத்துக் கம்பி இரண்டும் சேர்ந்து படுத்துவிடும். மூன்று விரலை மூன்று இடத்தில் வைக்கச் சொன்னான். வைத்தேன். நான்காவதாக என் கழுத்தும் சுளுக்கிக்கொண்டது. அதோடு வகுப்பை விட்டேன். (அவன் துரத்தினான் என்று முருகேசன் சொல்வது பொய். வாசல்வரை வந்து வழியனுப்பினான்.)

ஆனால் நான் விடுகிற ஆளா? பட்டறையில் தறிகள் ஓடிக்கொண்டிருக்க, ஒரு ஸ்டூலைப் போட்டு கிட்டாரோடு உட்கார்ந்தேன். தறி மோட்டார்களுக்கு ஒரு ரீங்காரம் உண்டு. ஆயுசு முழுக்க அதற்குள்ளேயே இருந்தவன் நான். கிட்டாரின் தலையில் கம்பியை முறுக்குகிற காதுகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தேன். தடித்த கம்பியை இறக்க இறக்க, ஒரு கட்டத்தில் அது மோட்டாரின் குரலோடு போய் ஒட்டிக்கொண்டது. அடுத்ததையும் ஒட்டவைத்தேன். ஒன்றை இறக்கி, ஒன்றை ஏற்றி, மெல்லிய கம்பியை அறுந்துவிடுமோ என்கிற அளவுக்கு முறுக்கி, ஆறையும் மோட்டாரோடு சேர்த்துவிட்டேன். விரலே வைக்காமல் ஒரு இழுப்பு இழுத்தேன். ஆஹா. பட்டறையே என் கூடச் சேர்ந்து பாடியது. ஒரே ஒரு விரலைக் குறுக்கே படுக்கவைத்து மேலும் கீழும் நகர்த்தினால் போதும், பாட்டு வந்தது. தாளத்துக்கு ஆளே வேண்டாம், தறி போட்டது.

உடனே கார்த்திக்குக்குப் போன் போட்டேன்.

"சார், எங்க இருக்கீங்க, லாரி ஸ்டாண்டா?" என்றான்.

நான் செய்ததைக் கம்பி கம்பியாகக் கத்திச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னான்.

"சார், கம்பிய மாத்தித் திருகி வச்சு வாசிக்கிறவங்க ஒலகத்துல நெறையப் பேரு இருக்காங்க. ஓபன் டியூனிங்னு சொல்வாங்க. அதுல பல தினுசு இருக்கு. ஆனா நீங்க சொல்றது அது எதுலயும் சேராதுங்க சார்."

"இதுக்குப் பேரே இல்லீங்கறியா?"

"இல்லீங்க சார்."

"அப்ப எம்பேரையே வச்சுக்க."

போனை வைத்ததும் தறிக்கு நூல் சுற்றிய தார் போட வந்த ஆட்கள் எல்லோரிடமும் சொன்னேன். உலகத்திலேயே இல்லாத டியூனிங், கந்தசாமி டியூனிங். மாலையானால் பட்டறையில் கச்சேரிதான். ஆட்கள் தலையாட்டினார்கள். (சம்பளம் கொடுக்கிறவன் வாசித்தால் யார் தலையாட்ட மாட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.)

செல்வி மட்டும் ஒருநாள் சொன்னாள். "ஏனுங்க, தறி நிக்கிறப்ப ஒருக்கா வாசிச்சுப் பாருங்களே."

"தறிச் சத்தத்துலயே இத்தனை நல்லாக் கேக்குது. மண்டபத்துல தறியா ஓடப்போவுது? இன்னும் துலக்கமாக் கேக்கும் போ."

இந்த வாக்கியத்தைத்தான் என் குடும்பம் இன்றுவரை மறக்கவில்லை.

வரவேற்பு சேலத்தில், ஏசி மண்டபத்தில். முன்வரிசையில் சொன்னபடி சம்பந்தியம்மா, பட்டுப்புடவையில். அவர் பக்கத்தில் அவரிடம் வீணை கற்றுக்கொள்கிற பெண்கள். பின்னால் எங்கள் ஊர் சனம். மைக் செட்காரர் ஒரு தடவை வாசித்துக் காட்டச் சொன்னதற்கு, "அதெல்லாம் ஊட்டுலயே பாத்தாச்சு" என்று சொல்லிவிட்டேன். என் பேரை அறிவித்தார்கள். மண்டபம் அடங்கியது. அப்படி ஒரு அமைதியில் நான் அதற்கு முன் உட்கார்ந்ததே இல்லை.

ஒரு இழுப்பு இழுத்தேன்.

தகரக் கூரையைப் பிரித்து ரோட்டில் இழுத்துக்கொண்டு போனால் ஒரு சத்தம் வரும். அதுதான் வந்தது. தடித்த கம்பி தொளதொளவென்று கட்டையில் மோதிச் 'சளக் சளக்' என்றது. மெல்லிய கம்பி கீச்சிட்டது. நான் வாசிப்பதை நானே முதன்முதலாகக் கேட்டது அந்த நொடியில்தான். கூடவே இரண்டு ஊர் சனமும் கேட்டுவிட்டது.

"மைக்கைப் பாருப்பா," என்றேன்.

"மைக்கு நல்லாத்தானுங்க இருக்குது," என்றார் மைக் செட்காரர், அதுவும் மைக்கிலேயே.

சரி, போகப்போகச் சரியாகும் என்று விரலை நகர்த்தினேன். தாளம் எங்கே? என் வலதுகை பாட்டுக்குத் தறி அடிப்பதற்காகக் காத்து நின்றது. நின்றதைப் பார்த்துப் பயந்து வேகமாக ஓடியது. ஓடினதைப் பிடிக்க இடதுகை ஓடியது. சம்பந்தியம்மா கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கை தயங்கியது, இன்னொரு தட்டுத் தட்டிப் பார்த்தது, பிறகு மடியில் போய்ப் படுத்துக்கொண்டது. என் மகள் பூங்கொத்தால் முகத்தை மூடியிருந்தாள்.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து முருகேசன் எழுந்தான்.

"மாமா, மண்டபத்து ஜெனரேட்டரையாச்சும் ஓட உடச் சொல்லட்டுங்களா?"

ஊர் சனம் மொத்தமும் சிரித்தது. ஃபேர்லேண்ட்ஸ் சனம் முதலில் மரியாதைக்கு அடக்கிப் பார்த்தது, முடியவில்லை.

அந்தச் 'சளக்'கையாவது நிறுத்தலாம் என்று தடித்த கம்பியின் காதைத் திருகினேன். பதற்றத்தில் நான் திருகியது மெல்லிய கம்பியின் காது. அது ஏற்கனவே அறுகிற நிலையில் இருந்தது என்று முன்பே சொன்னேன். 'டிங்' என்று அறுந்து என் மேலுதட்டில் ஒரு கோடு போட்டது. கல்யாண ஆல்பத்தில் அதற்குப் பிறகு வருகிற எல்லாப் படத்திலும் நான் கர்ச்சீப்பால் வாயைப் பொத்தி நிற்கிறேன். பெண்ணைப் பிரிகிற துக்கம் தாங்காமல் அழுகிறேன் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். நானும் திருத்துவதில்லை.

பந்தியில் சம்பந்தியம்மா என் அருகில் வந்தார்.

"கம்பி அறுந்து போறது எல்லாருக்கும் வர்றதுதானுங்க," என்றார்.

அந்த இரக்கம்தான் எனக்குத் தாங்கவில்லை. கர்ச்சீப்பை எடுத்துவிட்டு உள்ளதைச் சொன்னேன். "அம்மா, நீங்க பொண்ணு பாக்க வந்தன்னைக்குக் கிட்டார் வாசிப்பேன்னு வாய் தவறிச் சொல்லிப்போட்டேனுங்க. அதுக்கப்பறம் கத்துக்கிட்டது நெசந்தான். ஆனா எம் பட்டறைக்குள்ளதானுங்க அது பாட்டு. நீங்க அங்க வந்து கேக்கோணும்."

அவர் என் உதட்டிலிருந்த கோட்டைப் பார்த்தார். "வரேன்," என்றார்.

மறுவீட்டுக்கு வந்தபோது நிஜமாகவே பட்டறைக்குள் வந்துவிட்டார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மோட்டார் பக்கத்தில் நின்றார். மகளும் மாப்பிள்ளையும் வாசலில் மூச்சைப் பிடித்து நின்றார்கள். தறிகளை ஓட விட்டேன். புதுக் கம்பியை மோட்டாரோடு ஒட்டவைத்தேன். ஒருவேளை இங்கேயும் அந்தத் தகரச் சத்தம்தான் வருமோ என்று முதல்தடவையாக எனக்குப் பயம் வந்தது. குனிந்து, கம்பியை விட்டுக் கண்ணை எடுக்காமல், கடைசிவரை வாசித்தேன்.

நிமிர்ந்தபோது சம்பந்தியம்மா ஏதோ சொல்லி முடித்திருந்தார். வாய் மூடிக்கொண்டிருந்தது. அடுத்த நிமிஷம் கையைக் கழுவ வெளியே போய்விட்டார்.

தறி ஓடும்போது பேச்சு காதில் விழாது. தறிக்காரர்கள் நாங்கள் உதட்டைப் பார்த்தே பேச்சு வாங்குகிறவர்கள். நான் குனிந்திருந்தேன். வாசலில் நின்ற மகளுக்குத் தெரிந்தது அவர் முதுகுதான். எதிரே நின்று உதட்டைப் பார்த்தது செல்வி மட்டும்.

"என்ன சொன்னாங்க?"

"நல்லா இருக்குதுன்னாங்க," என்றாள் அன்றைக்கு. அடுத்த வாரம் ஒரு சண்டையில், "போதும், தறிய நிறுத்துங்கன்னாங்க" என்றாள். பொங்கலுக்குப் புடவை எடுத்துக் கொடுத்தபோது மறுபடி நல்லதாகிவிட்டது.

இப்போது எங்கள் வீட்டில் யாரும் எதற்கும் அபிப்பிராயம் சொல்வதில்லை. குழம்பு எப்படி என்று மகள் கேட்டால் மாப்பிள்ளை சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைக்கிறார். பிறகு பிறந்து, இப்போது பள்ளிக்கூடம் போகிற பேத்தி தன் மார்க்கைக்கூட அப்படித்தான் சொல்கிறாள்.

சம்பந்தியம்மாவையே நேரில் கேட்டுவிட்டால் என்ன என்று முருகேசன் வருஷா வருஷம் என்னைத் தூண்டிவிடுகிறான். மாட்டேன். கேட்டால் அவர் சொல்லிவிடுவார்.