கோட்டுக்குக் கதை சொன்ன ரோட்டுப்படக் காக்கா

ஹிந்திப் படங்களைப் பற்றி இந்த உலகத்தில் யாருக்கு என்ன தெரிந்திருந்தாலும், இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கிற எங்கள் கல்முனைக்குடி ரோட்டுப்படக் காக்காவுக்குத் தெரிந்ததில் அது கால்வாசிக்குக் காணாது. அவருக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி பிழை என்பது வேறு விஷயம்.

காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். இந்தக் காக்கா ஒரு பழைய வெள்ளை வேன் வைத்திருந்தார். வேனை விட்டால் படம், படத்தை விட்டால் வேன். அந்தப் படத்திலும் வண்டி ஓட வேண்டும். வீடியோ கெசட் கடைக்கு வந்தால் நடிகன் யார், பாட்டு எப்படி என்றெல்லாம் கேட்க மாட்டார். “இதுல வண்டி ஓடுதா?” என்பார். ஓடுகிறது என்று கடைக்காரர் சொன்னால் அடுத்த கேள்வி, “எவ்வளவு தூரம்?”

வீட்டுக்குள்ளேயே இருந்து அழுகிற படமாகிவிட்டால் டெக்கை நிப்பாட்டிவிட்டு எழும்பிவிடுவார். “அழுறதப் பாக்கிறத்துக்குக் கரண்டு வேணுமா? பக்கத்து ஊட்டுக்குப் போனாப் போதுமே!”

ஹிந்திப் பயணப் படங்களின் வரலாறு முழுவதும் அவர் நாக்கு நுனியில் இருந்தது. கறுப்பு வெள்ளைக் காலம் பஸ் காலம். பணக்கார வீட்டுப் பெண் வாப்பாவோடு கோபித்துக்கொண்டு பஸ் ஏறுவாள், பக்கத்து சீட்டில் ஒரு வேலையில்லாதவன் இருப்பான். கலர் வந்ததும் மூடியில்லாத கார், மலைப்பாதை, ஸ்டியரிங்கை விட்டுவிட்டுப் பாட்டு. அதற்குப் பிறகு மோட்டார் சைக்கிள், லொறி, கூட்டாளிமார், பழிவாங்கல். தொண்ணூறுகள் பிறந்ததும் எல்லாரும் விமானமேறி வெளிநாட்டுக்குப் போய் அங்கே கார் ஓடத் தொடங்கினார்கள். இந்தக் கடைசிக் கட்டம் காக்காவுக்குப் பிடிக்கவில்லை.

“ரோடு நல்லாயிட்டு மனே. படம் கெட்டுப் போயிட்டு.”

அவருக்கு ஹிந்தி தெரியாது. ஆனால் தெரியாது என்பதை அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். காடி, ராஸ்தா, சலோ, ஜல்தி, ஷாதி என்று ஒரு கைப்பிடிச் சொல் வைத்திருந்தார். கல்யாணத்தைக் குறிக்கிற கடைசிச் சொல்லைத் தவிர மற்றதெல்லாம் வண்டி, பாதை, போவோம், சுருக்காக என்று போக்குவரத்துச் சம்பந்தப்பட்டது. மிச்சத்தை எங்கள் ஊர்ப் பேச்சை வைத்தே நிரப்பிக்கொள்வார். ஒரு படத்தில் இளைஞன் ஒருவன் நரைத்த தாடிக் கிழவரை “நானா, நானா” என்று தேடிக்கொண்டு ஊர் ஊராகப் போனான். ஹிந்தியில் அது உம்மாவின் வாப்பாவைக் கூப்பிடுகிற சொல். எங்களுக்கு நானா என்றால் மூத்த சகோதரன். காக்கா யோசித்துவிட்டு, “தம்பிக்கும் நானாக்கும் அம்பது வயசு வித்தியாசம் இரிக்கி. வாப்பாக்காரன் லேசுப்பட்ட ஆளில்ல” என்றார்.

பிழையென்று எடுத்துச் சொன்ன கடைக்காரருக்கு அவர் கொடுத்த பதில், “அப்ப சாச்சாவை மட்டும் எப்படிச் சாச்சா எண்டே கூப்பிடுறானுகள்? வாப்பாட தம்பி நமக்கும் சாச்சாதான், அவனுகளுக்கும் சாச்சாதான். ஹிந்தி நம்மட பாஷைதான் மனே, கொஞ்சம் வேகமாக் கதைக்கிறானுகள்.”

இன்னொரு நாள் படத்தில் கல்யாணம் முடிந்து, பெண்ணை அழ அழக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். காக்கா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். “பொண்ணக் கடத்துறானுகள்! வாப்பாக்காரனும் நிண்டு கையக் காட்டுறான்!” எங்கள் கரையோரத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பெண் வீட்டை விட்டு அசைய மாட்டாள். அன்றைக்குத்தான் ஹிந்தி சினிமாவின் அடிப்படைக் கோளாறை அவர் கண்டுபிடித்தார். “பொம்புளைய ஏத்திப் போனா ஓடிப்போவாள்தானே? மாப்பிள்ளைய ஏத்திக்கொண்டு போ, ரெண்டு றீல்ல படம் முடிஞ்சிரும்.”

அவருக்கு ஏன் இந்த ரோட்டுப் பைத்தியம் என்று அவரோடு படம் பார்க்கிற எங்களில் யாரும் கேட்டதில்லை. ஒரு நாள் அவராகவே சொன்னார். திரையில் ஒரு பஸ் மலையேறி, ஆற்றைக் கடந்து, பாலைவனத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. “இவ்வளவு தூரம் போறானுகளே மனே, ஒரு இடத்துலயாச்சும் இறக்கி நடக்கச் சொன்னானா? ஒரு மூட்டையயாச்சும் அவுத்துப் பாத்தானா?” நாங்கள் சிரித்தோம், பிறகு சிரிக்க முடியவில்லை. யுத்தம் நடந்த அந்த நாட்களில் ஸலாம் சொன்ன கையோடு ஊரில் கேட்கிற முதல் கேள்வியே “பாதை திறந்திருக்கா?” என்பதுதான். வேன் வைத்திருந்த மனிதர் வேன் ஓடுவதைப் பெரும்பாலும் டீவியில்தான் பார்த்தார்.

இந்தக் காக்காவின் கையில்தான் தொண்ணூறுகளின் நடுவில் என் கல்யாணம் ஒப்படைக்கப்பட்டது.

நான் கொழும்பில் ஓர் அச்சகத்தில் பிழைதிருத்துபவனாக இருந்தேன். பெண் எங்கள் பக்கத்து ஊரான சாய்ந்தமருது. நிக்காஹ் வெள்ளிக்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு. வியாழன் முழுக்கப் பாதை பூட்டிக் கிடந்ததால், வெள்ளி விடியப் புறப்பட்டு நேரே பெண் வீட்டு வாசலில் வந்து இறங்குவது என்று முடிவாயிற்று. மற்ற வேன்காரர்கள் எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள். பாதை பூட்டுமுன் புதன்கிழமையே கொழும்பில் வந்து நின்றவர் ரோட்டுப்படக் காக்கா ஒருவர்தான்.

இதற்கிடையில் எனக்குக் கொழும்பில் ஒரு தொடுப்பு இருக்கிறதென்று பெண் வீட்டில் யாரோ ஊதிவிட்டிருந்தார்கள். என் மாமனாரின் ராத்தா, அதாவது அக்கா, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் வந்து சேராவிட்டால் சம்பந்தம் முறிந்தது என்று அர்த்தம். மாமனார் காக்காவிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பியிருந்தார். “மாப்பிள்ளைய எங்கயும் இறங்க விடாத.”

அதைக் காக்கா ஹிந்தி சினிமாவின் அடிப்படையில் விளங்கிக்கொண்டார்.

“பின் சீட்டுல ஏறு. ஜன்னல் திரைச்சீலைய இழுத்து உடு” என்றார்.

“ஏன் காக்கா, முன்னுக்கு இருக்கிறனே?”

“முன்னுக்கு இருந்தா ரோட்டப் பாப்பாய். ரோட்டப் பாத்தா ரோட்டோரத்துல நிக்கிறவளப் பாப்பாய். கறுப்பு வெள்ளைக் காலத்துல இருந்து இதான் நடக்குது.”

என் புதுக் கல்யாணக் கோட்டையும் அவரே கையில் வாங்கிக்கொண்டார். கசங்காமல் இருக்க எனக்குப் பக்கத்து சீட்டின் முதுகில் மாட்டி, தொப்பி தொலையாமல் இருக்க அதையும் சீட்டின் தலைக்கு வைத்தார். என்னைவிட லட்சணமான மாப்பிள்ளை ஒருவர் என் பக்கத்தில் அமர்ந்திருந்தார்.

கண்டி வரைக்கும் பஸ் காலத்துப் படங்களின் கதை சொன்னார். தேத்தண்ணிக் கடையில் நிறுத்தச் சொன்னேன். “தேத்தண்ணிக் கடையா? எல்லாம் அங்கதான் தொடங்கும்!” என்று வேகத்தைக் கூட்டினார். மகியங்கனைக்கு இறங்குகிற பதினெட்டு வளைவிலும் கலர் காலத்து மலைப்பாட்டுகளைப் பாடிக் காட்டினார். பாடும்போது ஸ்டியரிங்கை விட்டுவிடுவாரோ என்று நான் யாஸீன் ஓதிக்கொண்டிருந்தேன். கீழே மழை பிடித்தது. குடையில்லாமல் ஒரு பெண் கையைக் காட்டினாள். காக்கா கண்ணை இறுக்கிக்கொண்டு, “மழையும் வந்திட்டு, பொம்புளையும் வந்திட்டாள், அல்லாஹ்வே!” என்றபடி வேனை விரட்டினார். அவளுக்கு எழுபது வயதாவது இருக்கும்.

அம்பாறை தாண்டிய ஒரு சோதனைச் சாவடியில்தான் விஷயம் நடந்தது. ஆட்கள் இறங்கி வரிசையில் நடந்து போக வேண்டும், வண்டி தனி வழியில் வரும். நடந்து போய் நின்ற என்னிடம் ஆமிக்காரன் அடையாள அட்டை கேட்டான். சட்டைப் பையைத் தடவினேன். அட்டை கோட்டுக்குள் இருந்தது. திரும்பிப் பார்க்கிறேன், அந்தப் பக்கம் வேனைச் சோதித்து முடித்த ஆமிக்காரன் கதவை ஓங்கிச் சாத்தினான். கதவுச் சத்தம் கேட்டதும் நான் ஏறிவிட்டேன் என்று நினைத்துக் காக்கா வேனை எடுத்துவிட்டார்.

“காக்கா! காக்கா!” என்று கத்தினேன். மரத்தில் இருந்த நிஜக் காக்கைகள் இரண்டு பயந்து பறந்தன. வேன் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை என் மனைவி சொல்லித்தான் தெரியும். சம்மாந்துறை வழியாகச் சாய்ந்தமருது வரைக்கும் காக்கா லொறிக் காலத்துப் படங்களை என் கோட்டுக்கு விளக்கிக்கொண்டே போயிருக்கிறார். கண்ணாடியில் தொப்பி தெரிந்திருக்கிறது. கோட்டு இடையில் குறுக்குக் கேள்வி எதுவும் கேட்கவில்லை. பெண் வீட்டு வாசலில் ஹோர்ன் அடித்து நிறுத்தி, “மாப்பிள்ளைய இறக்குங்க!” என்று உரக்கச் சொல்லியிருக்கிறார். பூமாலையோடு வந்த மைத்துனன் கதவைத் திறந்து, மாலையை யாருக்குப் போடுவதென்று தெரியாமல் நின்றானாம்.

“நான் சொன்னன்தானே!” என்று மாமனாரின் ராத்தா தொடங்கிவிட்டார். “கோட்டக் கழட்டிப் போட்டுட்டு ஓடிட்டான்!”

காக்கா உடனே வேனில் ஏறினாராம். வண்டியைத் திருப்பி, வந்த வழியே பறந்துவிட்டார்.

நான் சாவடியில் மண்மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சிங்களம் தெரியும், கல்யாணம் என்று சொல்லியும் பார்த்தேன். அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஆனாலும் அட்டை இல்லாதவனைச் சும்மா விட முடியாது, சொந்தக்காரர் ஒருவர் வந்து பொறுப்பெடுக்க வேண்டும் என்றார். இருட்டினால் பாதையைப் பூட்டிவிடுவார்கள். என் சிறு வயதிலேயே வாப்பா மவுத்தாகிப் போய்விட்டார். அவருக்குக் கூடப்பிறந்த ஆண்கள் இல்லை. எனக்காக அங்கே வந்து நிற்க யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன், ஒருவரும் அகப்படவில்லை. அழுகை வந்தது. சாவடி ரேடியோவில் ஹிந்தி மெட்டில் ஒரு சிங்களப் பாட்டு போய்க்கொண்டிருந்தது.

வெயில் சாய்ந்த நேரம் வேன் வந்தது. காக்கா கோட்டைப் பிள்ளையைத் தூக்குவது போல மார்போடு பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். அதிகாரி அட்டையைப் பார்த்தார், காக்காவைப் பார்த்தார்.

“நீ இவனுக்கு என்ன வேணும்?” என்று சிங்களத்தில் கேட்டார்.

காக்காவுக்குச் சிங்களம் நாலு சொல்தான். துவாயால் வேர்வையைத் துடைத்தார். பிறகு நெஞ்சில் கையை வைத்து, “சாச்சா” என்றார்.

பின்னால் நின்ற இளம் ஆமிக்காரன் சிரித்துவிட்டான். “ஹிந்திப் படத்துல வாற சாச்சாவா?” என்றான்.

அவ்வளவுதான். அணை உடைந்தது. காக்கா வெறும் காற்றில் ஸ்டியரிங்கைப் பிடித்து, “காடி!” என்றார். மலைக்குக் கையைக் காட்டி, “ராஸ்தா!” என்றார். என் கழுத்தைத் தொட்டு, “ஷாதி!” என்றார். தோளில் கிடந்த துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு மணப்பெண்ணாக நின்று தேம்பினார். துப்பாக்கியோடு நின்றவர்கள் வேலையை விட்டுவிட்டு வட்டமாகக் கூடிவிட்டார்கள். அவர் பார்த்த அதே படங்களை அவர்களும் பார்த்திருந்தார்கள். அவரைப் போலவே ஒரு சொல்லும் விளங்காமல்தான் பார்த்திருந்தார்கள்.

“கடைசியில் என்ன நடக்கும்?” என்று அதிகாரி முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு கேட்டார்.

காக்கா துவாயை எடுத்துவிட்டு, ஐயாவுக்கு மஹத்தயா என்று சிங்களம் போட்டு, மூன்று பாஷையையும் கலந்து சொன்னார். “கடைசி றீல் மஹத்தயாட கையிலதான் இரிக்கி.”

அதிகாரி உதட்டைக் கடித்துக்கொண்டு அட்டையை என்னிடம் நீட்டினார். தடைமரம் மேலே போனது.

“ஜல்தி!” என்றார் அதிகாரி.

இந்தத் தடவை நான் முன் சீட்டில் ஏறினேன். காக்கா தடுக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவர் கண்ணாடியில் பின் சீட்டை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“நீ கதைக்காம வந்தாய் எண்டு சந்தோசப்பட்டன் மனே” என்றார். “கோட்டோட கதைச்சிட்டுப் போயிருக்கன். ஒனக்கு ஒண்டு ஆகியிருந்தா நான் என்ன செய்வன்?”

“ஒண்டும் ஆகல்லதானே காக்கா.”

“ஓம், ஒண்டும் ஆகல்ல. அல்ஹம்துலில்லாஹ்.”

அதையே சம்மாந்துறை வயல்கள் முடியும் வரைக்கும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். கடல் காற்று முகத்தில் பட்டபோது எனக்கும் உடம்பு லேசாகி, காரணமில்லாமல் சிரிப்பு வந்தது. இருவரும் சிரித்தோம். வழியில் ஒரு தேத்தண்ணிக் கடையைக் கண்டு அவராகவே வேகத்தைக் குறைத்து, “குடிக்கிறயா?” என்றார். நான்தான் வேண்டாமென்றேன்.

பெண் வீட்டில் மாமனாரின் ராத்தா என்னைத் தொட்டுப் பார்த்து, உள்ளே ஆள் இருப்பதை உறுதிப்படுத்திக்கொண்டார். “கோட்டு வந்தப்பவே மாப்பிள்ள வந்திருவார் எண்டு எனக்குத் தெரியும்” என்று ஊருக்கே கேட்கச் சொன்னார். பொழுது பட்டு மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ்வுக்கு உட்கார்ந்தோம். பெண் பக்கத்தில் வாப்பா, மாமாமார், பெரியவாப்பாமார் என்று பாய் நிறைந்து கிடந்தது. என் பக்கம் வெறும் பாய்.

காவின் என்கிற கல்யாணப் பதிவை எழுதுகிறவர் அதைப் பார்த்தார். பிறகு வாசலில் செருப்புகளோடு செருப்பாக நின்ற காக்காவைப் பார்த்து, “நீங்க மாப்பிள்ளைக்கு என்ன முறை?” என்று கேட்டார்.

துப்பாக்கிகளுக்கு முன்னால் அத்தனை தைரியமாகச் சொன்ன மனிதர், இப்போது நிலத்தைப் பார்த்தார். “நான் வேன்காரன்” என்றார். “சும்மா கொண்டு வந்து உட்டன்.”

“என்ட சாச்சா” என்றேன் நான். “வாங்க சாச்சா, இதுல இரிங்க.”

என் வாப்பாவுக்குத் தம்பி இல்லை என்பது அந்தச் சபையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. சாச்சா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, கசங்கியிருந்த என் கோட்டைக் கையால் நீவி நேராக்கினார்.