லாசர் மோத்தாவுக்கு முப்பதாம் நாள்

லாசர் மோத்தா இறந்துபோனது பிளாரன்ஸ் டீச்சருக்குப் புதிய செய்தி அல்ல. துணைப்பாடக் கதையின் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் புயலில் சிக்கி, தோணியோடு அவன் கடலில் முங்கிப்போனதை ஏழாம் வகுப்புக்கு வாசித்துக் காட்டியதே அவர்தான். இருந்தாலும் ஞாயிறு இரண்டாம் பூசையில் பங்குச் சாமியார் அந்தப் பெயரை வாசித்தபோது டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கடலில் காலமான லாசர் மோத்தாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, பிளாரன்ஸ் டீச்சர் ஒப்புக்கொடுக்கும் பூசை."

கோயிலில் இருந்த தலைகள் எல்லாம் திரும்பின. டீச்சருக்கு நாற்பத்திரண்டு வயது, கல்யாணமாகவில்லை. திண்டுக்கல் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, கடற்கரை ஊரான திரேஸ்புரத்தில் நாலு வருஷமாக ஒண்டிக்கட்டையாக வாடகை வீட்டில் இருக்கிறார். 'இந்த அம்மாளுக்கு ஒரு தோணிக்காரரா!' என்று ஊரே மனசுக்குள் கேட்பதாக அவருக்குப் பட்டது.

பூசை முடிந்ததும் நேரே உபதேசியார் சிலுவையிடம் ஓடினார். பூசைச் சீட்டுகளை வாங்கி வைப்பது அவர்தான்.

"அந்தப் பேரு தப்பா வந்துருச்சுங்க. அவர் எனக்கு யாருமே இல்லை."

சிலுவை அனுதாபத்தோடு பார்த்தார். "அப்படிச் சொல்லாதிய டீச்சர். உசுரோட இருக்கையில ஆயிரம் சடவு இருக்கும். செத்த பெறவு மனசுல வச்சுக்கிடப்படாது."

"ஐயோ, சீட்டுக் கொடுத்தது யாரு?"

"உங்க வகுப்புப் பிள்ளதான். தங்கத்தாய் மவ விக்டோரியா."

விக்டோரியா கோயில் முற்றத்து மாதா கெபிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மீன் விற்கும் தங்கத்தாயின் மகள். வகுப்பில் கெட்டிக்காரி. டீச்சர் அவளை ஓரமாகக் கூட்டிப்போனார்.

"ஏன்டி இப்படிச் செஞ்ச?"

"நீங்கதான டீச்சர் வீட்டுப்பாடம் குடுத்திய? 'கதையில் வரும் ஒருவருக்கு உங்களால் முடிந்த உதவியைச் செய்து, அதைப் பற்றி எழுதுக'ன்னு. எல்லாரும் சும்மா எழுதுனாவ. நான் செஞ்சிட்டு எழுதுனேன்."

அந்தப் புது முறையை டீச்சர் கோடை விடுமுறைப் பயிற்சியில் கற்றுக்கொண்டு வந்திருந்தார். மாவட்டத்திலேயே அதை நடைமுறைப்படுத்திய முதல் ஆள் தான்தான் என்று ஒரு பெருமையும் இருந்தது.

"என் பேரை எதுக்குப் போட்ட?"

"குடுக்குறது யாருன்னு கேட்டாவ. லாசர் மோத்தாவுக்குத்தான் யாருமே கெடையாதே. அவரு செத்தப்ப வகுப்புல நீங்க ஒரு ஆள்தான அழுதிய?"

அன்று வகுப்பில் டீச்சர் கண்ணில் தூசி விழுந்ததாகத்தான் சொல்லியிருந்தார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி, இலங்கை வானொலியைத் திருகினார். அந்த ரேடியோ ஒன்றுதான் வீட்டில் அவரோடு பேசுகிற பிராணி. ஒரு பாட்டு முடிவதற்குள் கதவு தட்டும் சத்தம் கேட்டது. நாலு வருஷத்தில் பால்காரர், தபால்காரர் தவிர யாரும் தட்டாத கதவு அது.

வாசலில் தங்கத்தாயும், பக்கத்து வீட்டு ஆக்னஸும், பின்னால் நாலைந்து பெண்களும் நின்றார்கள். தங்கத்தாயின் கையில் ஒரு தூக்குவாளி நிறையக் கஞ்சி இருந்தது. அந்தக் கரையில் கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் அழைத்தால்தான் போவார்கள். துக்க வீட்டுக்கு மட்டும் அழைப்புக் கிடையாது. கேள்விப்பட்டதும் கஞ்சியோடு போய்விட வேண்டும்.

"ரேடியோவ நிறுத்துளா ஆக்னஸு. துக்க வீட்டுல என்ன பாட்டு?" என்றபடி தங்கத்தாய் உள்ளே நுழைந்தாள்.

"இல்லம்மா, அவர் நிஜமான ஆளே இல்லை. புஸ்தகத்துல..."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு டீச்சர்" என்று ஆக்னஸ் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரரு கடல்ல போனப்ப, அப்படி ஒரு ஆளே இருந்த மாதிரி தெரியல. ரெண்டு வாய் கஞ்சி குடிங்க."

ஊற்றிக் குடிக்க வீட்டில் ஒரே ஒரு டம்ளர்தான் இருந்தது. தங்கத்தாய் அலமாரியைத் திறந்து அதைப் பார்த்தாள். ஆளனுப்பித் தன் வீட்டிலிருந்து நாலு டம்ளர் கொண்டுவரச் செய்தாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று போனால், தலைமையாசிரியை மதர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?"

கதாபாத்திரம் என்று சொல்லலாம். சொன்னால், பூசையை விளையாட்டாக்கினாள் என்று விக்டோரியாவை ஒரு வாரம் முழங்காலில் நிறுத்திவிடுவார் மதர்.

"தூரத்துச் சொந்தம், மதர்."

"அதை முதலிலேயே சொல்லக் கூடாதா? மூன்று நாள் லீவு எடுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சாயங்காலம் உங்கள் வீட்டில் செபமாலை சொல்வார்கள்."

பிள்ளைகள் வந்தார்கள். கூடவே அம்மாமார்களும் வந்தார்கள். செபமாலை முடிந்தாலும் யாரும் எழுந்து போகவில்லை. துக்க வீட்டில் இறந்தவரைப் பற்றி நாலு வார்த்தை பேசாமல் எழுந்திருப்பது மரியாதை இல்லையே.

"எப்படிப்பட்ட மனுசன் டீச்சர் அவரு?" என்றாள் ஆக்னஸ்.

"நல்ல மனுஷன்" என்றார் டீச்சர். அதோடு நிறுத்தியிருக்கலாம். "யார்கிட்டயும் அதிகம் பேச மாட்டார். கரையில இறங்கினா எந்த வீட்டுக்குப் போறதுன்னு தெரியாம, திரும்பவும் தோணிக்கே போயிடுவார்."

அது புத்தகத்தில் இல்லாத சங்கதி. சொல்லி முடித்ததும் யாரைப் பற்றிச் சொன்னோம் என்று டீச்சருக்கே தெரிந்துவிட்டது.

ஆக்னஸ் மூக்கைச் சிந்தினாள். "பாவம், அந்த ஒத்தக்கண்ணுப் பூனையும் அவரோட சேந்து போயிட்டே."

புத்தகத்தில் வரும் அந்தப் பூனையைப் பற்றிச் சொன்னோமா? டீச்சர் யோசித்துப் பார்த்தார். சொல்லித்தான் இருப்போம். ஒரு பொய்க்கு ஒன்பது பொய் சொன்னால் எதைச் சொன்னோம் என்று எப்படி ஞாபகம் இருக்கும்?

மூன்று நாள் ஏழு நாளாயிற்று. ஏழு நாள் முடிந்த பிறகும் பெண்கள் வருவதை நிறுத்தவில்லை. ஒருத்தி ஊறுகாய் கொண்டுவந்தாள். ஒருத்தி தலையில் எண்ணெய் வைத்துவிட்டாள். தங்கத்தாய் மீன் பெட்டியை வாசலில் இறக்கிவிட்டு, அன்றைக்குக் கடற்கரையில் நடந்த சண்டையையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். டீச்சர் சிரித்தார். சிரித்துவிட்டுத் துக்க வீடு என்பது ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டார். ஒருநாள் ரேடியோவுக்குப் பாட்டரி தீர்ந்து கிடந்ததே அவருக்குத் தெரியவில்லை.

ஆனால் முப்பதாம் நாள் நெருங்க நெருங்கச் சோறு இறங்கவில்லை. மறுபடியும் பூசை, மறுபடியும் சாமியார் வாயால் அந்தப் பெயர். கடவுள் சந்நிதியில் எத்தனை நாள் புளுகுவது? உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் சொன்னால் இத்தனை பேரும் காறித் துப்பிவிட்டுப் போவார்கள். புருஷனைக் கடலுக்குக் கொடுத்த ஆக்னஸ் முகத்தில் எப்படி முழிப்பது? கதவு பழையபடி சாத்திக்கொள்ளும். வேலை போனாலும் திண்டுக்கல்லுக்குப் போய்விடலாம். இந்தச் சாயங்காலங்கள் போனால் எங்கே போவது?

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். கூடத்தில் பதினோரு டம்ளர்கள் இருந்தன. டீச்சருடையது போக மற்றவற்றில் அந்தந்த வீட்டுப் பேர் வெட்டியிருந்தது. யாரும் திருப்பி எடுத்துப் போகவில்லை. டீச்சர் காப்பியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, வகுப்பில் நிற்பதுபோல் சுவரோடு ஒட்டி நின்றார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். லாசர் மோத்தான்னு யாரும் கிடையாது. அவர் ஏழாம் வகுப்புத் துணைப்பாடப் புஸ்தகத்துல வர்ற ஆள். எனக்குச் சொந்தம்னு யாரும் சாகலை. சாகறதுக்கு எனக்கு யாரும் இல்லை. நான் பொய் சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிருங்க."

விக்டோரியா தன் அம்மாவைப் பார்த்தாள். ஆக்னஸ் தரையைப் பார்த்தாள்.

தங்கத்தாய் காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்து, டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எம்மவ அந்தப் பன்னெண்டாம் பாடத்தத் தெருவுல வச்சு மூணு மட்டம் வாசிச்சா. நாங்க அன்னைக்கே அழுது முடிச்சாச்சு டீச்சர். கல்யாணத்துக்குக் கூப்பிட்டா நோட்டுத் திருத்தணும்னு நீங்க வர மாட்டேங்கிய, துக்கம்னாதான நாங்க கூப்பிடாம உங்க வீட்டுக்கு வர முடியும்? அடுத்த புஸ்தகத்துல சாவப்போறது யாருன்னு மட்டும் முன்கூட்டியே சொல்லிருங்க, கஞ்சிக்கு அரிசி ஊறப்போடணும்."