மேனேஜரின் நாய்

லிஃப்ட் மெக்கானிக் தன் வீட்டு வாசலில், மணியை அடிக்காமல், கருவிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தான். பையில் ஸ்பேனரும் இல்லை, ஸ்குரூ டிரைவரும் இல்லை. அவை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன நாய் இருந்தது. நாய் என்று சொன்னால்தான் நாய். பார்த்தால் வெறும் முடி.

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்" என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு மணியை அடித்தான். மாமியார் கதவைத் திறந்தார்.

"எங்க மேனேஜரோட நாய்" என்றான் கதவு நிலையைப் பார்த்து. "ஊருக்குப் போறார். ரெண்டு வாரம் பார்த்துக்கணுமாம்."

வீட்டில் இருந்தது இவர்கள் இரண்டே பேர். மனைவியை அவள் ஆபீஸில் எட்டு மாதத்துக்கு வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். "அம்மாவைப் பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பார்த்துக்கொள்வதில் அவனுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. பேசத்தான் வராது. மாமியாருக்கும் மருமகனுக்கும் நடுவே இருக்க வேண்டிய மரியாதை இவர்கள் இரண்டு பேரிடமும் தேவைக்கு மேல் இருந்தது. மாமியார் கடிகாரத்தைப் பார்த்து, "சாப்பாடு ஆறுது" என்பார். இவன் ஃபிரிட்ஜைப் பார்த்து, "நாளைக்கு வர லேட்டாகும்" என்பான். ஃபிரிட்ஜ் தகவலைச் சேர்த்துவிடும்.

இத்தனைக்கும் வேலையில் அவன் பேச்சுக்குப் பேர் போனவன். லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால், மூடிய கதவுக்கு வெளியே நின்று அவர்கள் குடும்பக் கதை முழுக்கக் கேட்டு, பயம் தெளிய வைத்துத்தான் கதவைத் திறப்பான். வீட்டுக்குள் வந்தால் வாய்க்குப் பூட்டு.

போன மாதம் மாமியார் மகளோடு ஃபோனில் பேசியது அவன் காதில் விழுந்தது. "அடுத்த மாசக் கடைசியில பெரியவன் வீட்டுக்குக் கிளம்பலாம்னு இருக்கேன்" என்றார். தாய் முகமே நினைவில்லாமல் வளர்ந்தவன் அவன். வேலை முடிந்து படி ஏறும்போது சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டால் அவனுக்கு அன்றைய களைப்பு போய்விடும். அந்தச் சத்தம் வீட்டை விட்டுப் போகக் கூடாது. ஆனால் 'போகாதீங்க' என்று எந்த ஃபிரிட்ஜிடம் சொல்வது?

அதே ஃபோனில் இன்னொன்றும் கேட்டது. "கண்ணாடிக் கடைக்குப் பின்னால ஒரு அம்மா நாய்க்குட்டி விக்கறாங்களாம். வீட்ல ஒரு ஜீவன் இருந்தா எவ்வளவு ஆறுதல்." இதைக் கொஞ்சம் உரக்கவே சொன்னார். லைன் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

பாவம், தனிமைதான் காரணம். ஒரு நாய் இருந்தால் போக மாட்டார். ஆனால் வாங்கிக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிற ஆள் இல்லை. போன தடவை மெத்தை வைத்த நாற்காலி வாங்கி வந்தபோது, "எனக்கெதுக்கு வீண் செலவு" என்று சுவரிடம் சொல்லி, மறுநாளே கடைக்குத் திருப்பி அனுப்பினார். அதனால்தான் இந்த மேனேஜர்.

நாய் வாங்கப் போனபோது, நாய்க்காரம்மா அவன் உள்ளே நுழையும்போதே, "லிஃப்ட் வேலை பார்க்கறவர்தானே?" என்று கேட்டாள். சட்டையில் இருந்த கிரீஸ் கறையைப் பார்த்திருப்பாள். முடி கம்மியாக ஏதாவது கிடைக்குமா என்று கேட்டதற்கு, மற்ற குட்டிகளை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள்.

"உங்களுக்கு இதான். தினமும் சீவணும். விட்டா காதுக்குப் பின்னால சிக்கு விழுந்து பாய் மாதிரி ஆயிடும். கண்ணு ஓரத்தை ஈரப் பஞ்சால துடைக்கணும். ஒரு மாசம் கழிச்சு நானே வந்து நகம் வெட்டி விடறேன்."

வியாபாரம் செய்கிறாளா, உத்தரவு போடுகிறாளா என்று அவனுக்குப் புரியவில்லை.

இப்போது வாசலில் மாமியார் பைக்குள் எட்டிப் பார்த்தார். "ஒட்டடைக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கு" என்றார். அன்று முதல் அதன் பெயர் ஒட்டடை ஆயிற்று.

ஒட்டடை வந்த அன்றே மாமியார் மடியில் ஏறிக்கொண்டது. அவர் இடுப்பிலிருந்து அகலப் பல் சீப்பு ஒன்றை எடுத்து, நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்து, கண்ணை மறைத்த முடியை உச்சியில் அள்ளி ரப்பர் போட்டார். பெண் பிள்ளை பெற்றவர்களுக்குச் சொல்லியா தர வேண்டும் என்று வியந்தான் அவன்.

வீடு மாறிப்போயிற்று. கடிகாரமும் ஃபிரிட்ஜும் வேலை இழந்தன.

"ஒட்டடை, மாப்பிள்ளை வந்துட்டார். கை கால் கழுவச் சொல்லு."

"ஒட்டடை, இன்னிக்கு அஞ்சாவது மாடியில ஒருத்தர் மாட்டிக்கிட்டார். வெளியே வந்ததும் என்னையே திட்டறார்."

"அப்படியா ஒட்டடை? இவர் என்ன சொன்னாராம்?"

இப்படியே சாப்பாடு முடிய அரை மணி நேரம் ஆனது. ஒட்டடை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக் கழுத்து வலித்துத் தூங்கிவிடும். இரண்டு வாரம் போனதே தெரியவில்லை.

"ஒட்டடை, உன் முதலாளி எப்ப வருவார்? அடுத்தவங்க பொருளாச்சே" என்றார் மாமியார் ஒருநாள்.

"மேனேஜருக்குக் கால் உடைஞ்சிடுச்சாம் ஒட்டடை" என்று வாயில் வந்ததைச் சொன்னான் அவன். "ஆஸ்பத்திரியில இருக்கார்."

மறுநாள் காலையில் செருப்புக்குப் பக்கத்தில் ஃபிளாஸ்க் நிறைய சூப்பும், மூடியில் ரொட்டியும் தயாராக இருந்தன. "எலும்பு கூடணும்னா சூடா குடிக்கணும். மேனேஜர்கிட்ட கொடுக்கச் சொல்லு ஒட்டடை."

இல்லாத மேனேஜருக்கு எங்கே போவது? ஏதோ ஒரு கட்டடத்து மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து அவனே குடித்தான். மனைவி போனதிலிருந்து மத்தியானச் சாப்பாட்டையே விட்டிருந்தவனுக்கு அது தேவாமிர்தமாக இறங்கியது. சாயங்காலம் விசாரணை வேறு.

"மிச்சம் வைக்காம குடிச்சாரா? உப்பு போதுமாமா?"

"கொஞ்சம் கம்மியாம் ஒட்டடை."

மறுநாள் உப்பு சரியாக இருந்தது. மேனேஜர் பேரைச் சொல்லி மெக்கானிக்கின் கன்னத்தில் சதை பிடித்தது.

பொய்க்கும் ஒரு ஆயுசு உண்டல்லவா? "இவ்வளவு நாளாச்சு, நானே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துட்டு வரேன்னு சொல்லு" என்றார் மாமியார். அவனுக்குப் புலி வாலைப் பிடித்த கதையாகிவிட்டது. ஓடிப்போய்த் தன்னோடு வேலை செய்பவன் காலில் விழுந்தான். என்றோ ஆபீஸ் நாடகத்தில் நடித்ததிலிருந்து அவனுக்கு டயலாக் என்று பட்டப்பெயர்.

"காலில் கட்டோட வந்து, நன்றி சொல்லி, நாய் இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும்னு சொல்லிட்டுப் போ. அதுக்கு மேல ஒரு வரி கூடப் பேசாதே."

டயலாக் வந்தான். நொண்டியது பிரமாதம். நன்றி சொன்னதும் பிரமாதம். அப்போது மாமியார், "பெத்த பிள்ளையைப் பிரிஞ்ச மாதிரி இருந்திருக்குமே உங்களுக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். டயலாக்கின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்துவிட்டது.

"அதையேன்மா கேக்கறீங்க. இனிமே ஒரு பொழுது கூட இவனை விட்டு என்னால இருக்க முடியாது" என்று ஒட்டடையை வாரி அணைத்துக்கொண்டான்.

மாமியார் மெக்கானிக்கைப் பார்த்தார். ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்ப்பது போலச் சற்று நேரம் பார்த்தார். மெக்கானிக் மின்விசிறியைப் பார்த்தான். மாமியார் சீப்பையும் ரப்பரையும் ஒரு பையில் போட்டு டயலாக்கிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். டயலாக் அழுதபடியே படி இறங்கினான். பாதியில் நொண்ட மறந்துவிட்டான்.

மறுநாள் பரண் மேலிருந்த பெட்டி கூடத்துக்கு வந்துவிட்டது. கடிகாரத்துக்கு மறுபடி வேலை வந்தது.

அன்று மத்தியானம் ஒரு லிஃப்டில் ஒரு பெண்மணி மாட்டிக்கொண்டார். மெக்கானிக் கதவுக்கு வெளியே நின்று, "பயப்படாதீங்கம்மா" என்று ஆரம்பித்தான். குரல் உடைந்துவிட்டது.

"தம்பி, அழறீங்களா?" என்றார் அந்தப் பெண்மணி உள்ளிருந்து.

மூடிய கதவு அல்லவா, எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். நாய், மேனேஜர், சூப்பு, பெட்டி வரைக்கும். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"இதையெல்லாம் ஏன் என்கிட்ட சொல்றீங்க? அவங்ககிட்டயே சொல்லுங்க. அதுக்கு முன்னாடி இந்தக் கதவைத் திறங்க."

திறந்தான். நேரே டயலாக் வீட்டுக்கு ஓடினான். ஒட்டடை கட்டிலுக்கு அடியில் தட்டைத் தொடாமல் படுத்திருந்தது. உச்சி ரப்பர் அவிழ்ந்து, காதோரம் சிக்கு விழுந்திருந்தது. "நாயா நானான்னு கேட்டுட்டா என் பொண்டாட்டி" என்று டயலாக் சந்தோஷமாகவே தூக்கிக் கொடுத்தான். காலில் கட்டு மட்டும் இன்னும் இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது மாமியார் பெட்டிக்குப் பூட்டுத் தேடிக்கொண்டிருந்தார். ஒட்டடையைக் கீழே விட்டால் அது வழியாகப் பேசிவிடுவோம் என்று பயந்து, அதைக் கையிலேயே இறுக்கி வைத்துக்கொண்டு, முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தான்.

"அத்தை, மேனேஜரும் இல்ல, ஒருத்தரும் இல்ல. நான்தான் வாங்கினேன். நீங்க தனியா இருக்கீங்களேன்னு உங்களுக்காக வாங்கினேன். சூப்பையும் நான்தான் குடிச்சேன். போகாதீங்க அத்தை. நீங்க இல்லேன்னா எனக்கு வீட்டுக்கு வரவே பிடிக்காது."

மாமியார் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஒட்டடையை வாங்கி மடியில் போட்டுச் சிக்கெடுக்க ஆரம்பித்தார்.

"பெட்டியைப் பரண்ல ஏத்திடுங்க மாப்பிள்ளை" என்றார், அவனையே பார்த்து. "எனக்கு எட்டாது."

அவன் ஏணி மேல் நின்றிருந்தபோது வாசலில் மணி அடித்தது. கையில் நகம் வெட்டியோடு நாய்க்காரம்மா.

"அத்தை, இவங்ககிட்டதான் ஒட்டடையை வாங்கினேன். உள்ளே கூப்பிடுங்க" என்றான் மெக்கானிக் ஏணியிலிருந்தே.

நாய்க்காரம்மா அவனை அண்ணாந்து பார்த்தாள். பிறகு மாமியார் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"பரவாயில்லையே, வாய் திறந்து பேசறாரே உங்க மருமகன்? 'என் பொண்ணு ஊருக்குப் போனதிலிருந்து மனுஷன் மத்தியானம் சாப்பிடறதும் இல்ல, பேசறதும் இல்ல, அவருக்கு ஒரு துணையைப் பண்ணி வைக்காம நான் எப்படிக் கிளம்பறது, அவர் வந்தா இதைத் தவிர வேற எதையும் காட்டாதீங்க'ன்னு அன்னிக்கு வந்து சொல்லிட்டுப் போனீங்களேம்மா."