காணாமல் போன ஐந்தாம் படி

"இந்தத் தடவை படத்தில் என் தலை இருந்தே தீரும்" என்று சபதம் போட்டார் கையேட்டுக்காரர்.

சபதத்துக்குக் காரணம் கூடத்துச் சுவரிலேயே தொங்கியது. அவருடைய கல்யாணப் படம். மனைவி முழுசாக, லட்சணமாக நிற்கிறாள். பக்கத்தில் ஒரு கோட்டு நிற்கிறது. கோட்டுக்கு மேலே கழுத்து, கழுத்துக்கு மேலே சட்டம். எடுத்தவன் மனைவியின் தம்பி. அப்போது கேமரா பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தான். இப்போது பெரிய ஸ்டூடியோ வைத்திருக்கிறான். யார் தலையை வெட்டிப் பழகினான் என்று எவரும் கேட்பதில்லை. வருகிறவர்கள் எல்லாம் கோட்டைக் காட்டி "இது யாரு?" என்று கேட்டுக் கேட்டு அவருக்கு மனசே புண்ணாகிப் போயிருந்தது. அன்றிலிருந்து மச்சினனை அவர் வீட்டுப் பக்கம் அண்ட விட்டதில்லை.

இப்போது மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. போகுமுன் அப்பா அம்மாவோடு ஒரு படம் வேண்டும், அங்கே தன் அறையில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்றாள். கடல் தாண்டிப் போயும் தலையில்லாமல் தொங்க அவர் தயாராக இல்லை.

"தம்பியைக் கூப்பிடட்டுமா?" என்றாள் மனைவி.

"அவன் வந்தா நான் இருக்க மாட்டேன்."

"போன தடவையும் நீங்க பாதிதானே இருந்தீங்க."

"நக்கல் வேண்டாம். ஒரு கேமரா வாங்கி நானே எடுத்துக் காட்டறேன். ஊர்ல உள்ள மெஷினுக்கெல்லாம் கையேடு எழுதறவன் நான். எனக்கே பாடமா?"

அது உண்மைதான். மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் கையேடுகளைத் தமிழாக்குவதுதான் அவர் பிழைப்பு. தண்ணீர் பம்பு, துணி துவைக்கும் மெஷின், தையல் மெஷின், எல்லாம் அவர் கையால் தமிழ் பேசியவை. ஒன்றைக்கூட அவர் கண்ணால் பார்த்தது கிடையாது. கட்டுக் கட்டாகக் காகிதம் வரும், எழுதித் தள்ளுவார், தள்ளியதும் மறந்துவிடுவார். இன்றைக்கும் பேனாவால்தான் எழுதுவார். அதை உட்கார்ந்து டைப் அடிப்பது மனைவியின் தலையெழுத்து.

"சரி, எடுங்க" என்றாள் அவள். "கையேட்டைப் பார்த்து நீங்களே எடுத்துட்டா, என் தம்பி பேச்சையே எடுக்க மாட்டேன். முடியலைன்னா அவன் வருவான். நீங்களே வாசல்ல நின்னு வாங்கன்னு கூப்பிடணும்."

"சம்மதம்."

கடையில் கேமராவைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான். ஒவ்வொரு பெட்டியாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல தமிழ்லயே கையேடு இருக்கு. உங்களுக்குச் சுலபம்" என்றாள். பெண்டாட்டிக்குக்கூட நம் மேல் அக்கறை வந்துவிட்டதே என்று அவர் உருகிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கேமராவை மூன்று கால் ஸ்டாண்டில் ஏற்றினார். மனைவியும் மகளும் சுவரோரமாக நின்றார்கள்; பொத்தானை அழுத்திவிட்டு ஓடி வந்து தானும் நின்றுகொள்வது அவர் திட்டம். அவர் கையேட்டைப் பிரித்து உரக்கப் படித்தார்.

"முதல் படி. இக்கருவியை விழுங்க வேண்டாம்."

"விழுங்கலைப்பா. அடுத்தது படிங்க" என்றாள் மகள்.

"இரண்டாம் படி. அசைவற்ற மூவரின் கால்களில் கருவியை ஏற்றவும்."

"ஸ்டாண்டைத்தான் சொல்றானோ?" என்றாள் மகள்.

"மூன்றாம் படி. கண் சிவந்தால் சிவப்பைத் தணிக்கும் விளக்கை ஏற்றவும். நான்காம் படி. பொத்தானைப் பாதி அழுத்தி, ஆள் கூர்மை அடைந்ததும் மீதியைத் தீர்த்துவிடவும்."

பாதி அழுத்தினார். தீர்த்தும் பார்த்தார். 'லென்ஸ் தயாராக இல்லை' என்று திரையில் எழுத்து வந்தது. நாங்கள் எல்லாம் தயாராக இருக்கிறோம், உனக்கென்ன கேடு என்று கேட்டார். அது மறுபடியும் அதையே சொன்னது. ஐந்தாம் படியைத் தேடினார். நான்குக்குப் பிறகு நேராக ஆறு.

"அஞ்சைக் காணோமே."

"நல்லாத் தேடுங்க" என்றாள் மனைவி.

"எங்க தேடறது? எழுதின தடியன் முழுங்கிட்டான். புரிஞ்சிருக்காது, தாண்டிக் குதிச்சிருப்பான். இவனெல்லாம் ஒரு ஆளா? இவனை நம்பி ஒரு குடும்பம் வேற இருக்கும், பாவம்."

"பாவம்தான்" என்றாள் மனைவி.

மதியம் வரை கேமராவோடு மல்லுக்கட்டினார். திருப்பினார், தட்டினார், கெஞ்சினார். கூர்மை அடைந்தது பசி மட்டும்தான். மகள் சுவரோரமாகவே உட்கார்ந்து கண்ணசந்துவிட்டாள். கடைசியில் வாசலில் போய் நின்று, விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு, "வாங்க" என்றார். தெருமுனையிலேயே காத்திருந்தவன் மாதிரி மச்சினன் வந்துவிட்டான்.

"கேமரா புதுசா இருக்கே. இதை நான் தொட்டதில்லையே அத்தான்."

"உன்னாலயும் முடியாது. எழுதினவன் அப்படி. அவன் மட்டும் கையில கிடைக்கட்டும், நடுக்கூடத்துல நிக்க வெச்சு நாலு பேர் முன்னால கேட்பேன்."

"நிக்கத்தானே போறீங்க. இங்க வந்து நில்லுங்க" என்று மனைவி அவரைத் தனக்கும் மகளுக்கும் நடுவில் நிறுத்தினாள். பிறகு தம்பியைப் பார்த்து, பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள். "லென்ஸ் கழுத்துல ஒரு வளையம் இருக்கும். டக்குன்னு சத்தம் வர்ற வரைக்கும் திருப்பு. அதுதான் அஞ்சாவது படி."

அவன் திருப்பினான். டக். கேமரா கண் விழித்தது.

கையேட்டுக்காரர் மனைவியை முறைத்தார். காலையிலிருந்து தெரிந்தே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாளே. ஆனாலும் அதற்கு இதுவா நேரம்? இத்தனை வருஷம் கழித்து அவர் தலைக்கு விடிவு வந்திருக்கிறது. கழுத்தை நீட்டி, முகத்தை நிமிர்த்தி, சிரிப்பை வரவழைத்துக்கொண்டார்.

"அக்கா, கையேட்டுலயே இல்லாதது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான் தம்பி, விரலைப் பொத்தானில் வைத்தபடி.

"அதை டைப் அடிச்சதே நான்தானே. அஞ்சை விட்டுட்டீங்களேன்னு அப்பவே கேட்டேன். அடிக்கிறதோட நிறுத்திக்கோ, அறிவுரை வேண்டாம்னு பதில் வந்தது."

"யாரு சொன்னது? எழுதின ஆளா?"

மகள் மெல்லத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். மனைவி சிரித்த முகம் கலையாமல், கேமராவையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஆமா. உன் அத்தான்."

அந்த நொடியில் மச்சினன் அழுத்தினான்.

படம் இப்போது வெளிநாட்டில் மகளின் அறையில் மாட்டியிருக்கிறது. மச்சினன் ஒன்றையும் வெட்டவில்லை. கையேட்டுக்காரரின் தலை முழுசாக இருக்கிறது. குனிந்திருப்பதால் வழுக்கை மட்டும் தெரிகிறது.