ஐஸ் பெட்டியைத் தினமும் பார்க்கும் தம்பிக்கு

தட்டாஞ்சாவடி,
புதுச்சேரி.
12.3.2007

பிரான்ஸ் தேசத்தில் குடும்பத்தோடு குறைவில்லாமல் வாழும் அன்புத் தம்பி வெற்றிவேலுக்கு அண்ணன் தெய்வநாயகம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி அமுதவல்லியும் சௌக்கியம். அப்பாவும் சௌக்கியம் என்று எழுத எனக்கும் ஆசைதான். பெரிய ஆஸ்பத்திரியில், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பக்கவாதத்தில் இடது கையும் காலும் வரவில்லை. வாய் கோணிவிட்டாலும் பேச்சு மட்டும் பழுதில்லாமல் ஓடுகிறது. உனக்கு போன் செய்தால் ஏதோ மெஷின் பிரெஞ்சில் பேசுகிறது. அதில் எனக்குப் புரிவது கடைசியில் வரும் 'பீப்' ஒன்றுதான். அதனால் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

ஃப்ரிட்ஜ் ரிப்பேரை விட்டுவிட்டு, இறந்தவர்களைக் கிடத்துகிற ஐஸ் பெட்டிகளை நான் வாடகைக்கு விடுவது உனக்குத் தெரியும். அதற்கு ஒரு வெப்சைட் போட்டதுதான் உனக்குத் தெரியாது, அல்லது தெரியாதது போல் இருக்கிறாய், அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். நம் ஊரில் பாதி வீட்டுக்குப் பிள்ளை பிரான்சில். அவன் விமானம் ஏறி வந்து சேரும்வரை உடம்பு கெடாமல் இருக்க வேண்டும். அவனே அங்கிருந்து பார்த்துப் பெட்டிக்குச் சொல்லட்டும் என்று செலவு செய்து போட்டேன். ஒரு ஈ, காக்கைகூட வரவில்லை. பிரவுசிங் சென்டர் நடத்தும் கலைவாணியிடம் போய் முறையிட்டேன். "அண்ணே, கடையத் தொறந்துட்டா போதுமா? கடை எங்க கீதுன்னு கூகுளுக்குத் தெரிய வேணாமா? மொத பக்கத்துல வரலைன்னா நீங்க இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்" என்றாள். நம் தொழிலுக்குப் பொருத்தமான பேச்சு என்று ஒப்புக்கொண்டு, அவளிடமே பொறுப்பைக் கொடுத்தேன். என் கஷ்டகாலம் அன்றுதான் ஆரம்பித்தது.

கூகுளில் பாண்டிச்சேரி என்று அடிக்கிறவன் பீச், ரூம், ஏசி, ஹனிமூன் என்றுதான் சேர்த்து அடிப்பானாம். அதனால் அந்த வார்த்தைகளையெல்லாம் நம் பக்கத்தின் அடியில் வெள்ளை மேல் வெள்ளையாக எழுதிவைத்தாள். மனிதக் கண்ணுக்குத் தெரியாது, கூகுள் கண்ணுக்குத் தெரியும் என்றாள். தெரிந்துதான் தொலைத்தது. மறு வாரமே பெங்களூரிலிருந்து ஒருவன் போன் செய்து ஏசி உண்டா என்றான். நான் வழக்கம்போல ஆறுதலான குரலில், "ஏசி இன்னா சார், ஐஸே கட்டும்" என்றேன். எத்தனை பேர் தங்கலாம் என்றான். "ஒருத்தர்தான் சார். நேராப் படுக்கணும்." பீச் பக்கமா என்றான். "நீங்க சொல்ற எடத்துல கொண்டாந்து வச்சிடுவோம் சார், அழுவாதீங்க. யாரு தவறிட்டது?" என்று கேட்டேன். புதுப் பெண்டாட்டியோடு கிளம்பத் துணிமணி எடுத்துவைத்துக்கொண்டிருந்தவனாம். கன்னடத்தில் அவன் சொன்னது முழுவதும் புரியவில்லை, ஆனாலும் அன்று நான் சாப்பிடவில்லை.

அடுத்து, நாலு வெப்சைட்டாவது நம்மைக் கை காட்டினால்தான் கூகுளுக்கு நம் மேல் மரியாதை வருமாம். அவளிடம் வேலை கொடுத்த மற்ற இரண்டு பேர் ஒரு கல்யாண மண்டபக்காரரும் ஒரு நர்சிங் ஹோம் டாக்டரும். இரண்டிலும் நம் பெட்டியைக் கோத்துவிட்டாள். மண்டபத்தின் வெப்சைட்டில் மணமேடைப் படத்துக்குக் கீழே 'மேலும் காண்க' என்று நம் பெட்டி. நர்சிங் ஹோமில் அதைவிட மோசம், இருதய சிகிச்சைக்கு நேர் கீழே. பெட்டி செய்யும் நம் பட்டறைக்கே டாக்டர் நேரில் வந்துவிட்டார். "ஏன்யா, நான் வைத்தியம் பாக்குறேன்னு போட்டிருக்கேன், நீ அடுத்த ஸ்டாப் எதுன்னு போட்டிருக்கே!" என்று அவர் கத்தியதில் பட்டறை ஆட்கள் எல்லாம் வெல்டிங்கை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அதோடு விட்டாளா? வாடிக்கையாளர் கருத்து வேண்டும் என்றாள். நம் பெட்டியில் படுத்தவர் எவர் எழுந்து வந்து கருத்து சொல்லப்போகிறார்? பெட்டி எடுத்த வீட்டு ஆட்களைக் கேட்டு வாங்கினோம். முத்தியால்பேட்டை நாராயணசாமி, "எங்கப்பா மூணு நாளு கெடந்தாரு, படுத்த மேனிக்கு அப்டியே புதுசா இருந்தாரு" என்று மனதாரச் சொன்னார். அப்புறம் போட்டோ. வெறும் பெட்டியைப் படம் போட்டால் மீன் பெட்டி என்று நினைக்கிறார்களாம், உள்ளே ஆள் வேண்டுமாம். இதை நானும் அண்ணியும் பேசிக்கொண்டிருந்தது அப்பா காதில் விழுந்துவிட்டது.

"நான் படுக்குறன்டா. எப்டியும் அதுல படுக்கப்போறவன்தானே? ஒரு போட்டோ புடிச்சிப் போடு. சின்னவன் பாத்தா பதறிகினு ஓடியாருவான்" என்றார்.

தம்பி, அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. வேட்டியைச் சரிசெய்யச் சொல்லி அண்ணியைக் கூப்பிட்டார். அண்ணி அடுக்களைக்குப் போய் அழுதாள். நான் முடியாது என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போய், எந்த வேலையும் இல்லாமல் ஒரு பெட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

இனிதான் விஷயம். இத்தனை கூத்துக்கும் பிறகு நம் சைட் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. யார் யார் வந்து பார்க்கிறார்கள் என்று கலைவாணி காட்டினாள். பெரும்பாலும் நான்தான். ஆனால் பிரான்சிலிருந்து ஒரு ஆள் தினமும் தவறாமல் வருகிறான். 'உடலை எத்தனை நாள் வைத்திருக்கலாம்' என்ற பக்கத்தை மட்டும் திறக்கிறான். போன் செய்வதில்லை, எழுதுவதில்லை, பார்த்துவிட்டுப் போய்விடுகிறான். பிரான்சில் நமக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அப்பாவிடம் சொன்னேன். கோணிப்போன வாயோடு அவர் சிரித்ததை நீ பார்த்திருக்க வேண்டும். "தெனம் வரானா? அப்ப ஞாபகம் கீது" என்றார். அன்றிலிருந்து காலையில் கண் விழித்ததும், "வந்தானா?" என்பதுதான் முதல் கேள்வி. வந்தான் என்றால்தான் கஞ்சி இறங்குகிறது.

ஆனால் எனக்கு வயிறு எரிகிறது தம்பி. அப்பாவை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், நம் வக்கான்ஸ் லீவு எப்போது, டிக்கெட் எப்போது மலிவு என்று கணக்குப் போடத்தானே அந்தப் பக்கத்தைத் திறக்கிறாய்? அண்ணன் பெட்டிக்காரன், நமக்காக வைத்திருப்பான் என்ற தைரியம்தானே? ஊருக்கெல்லாம் பெட்டி கொடுக்கிற நான் அப்பாவுக்குக் கொடுக்கமாட்டேன். அவர் மூச்சு நின்ற அன்று பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவேன். உனக்காக ஒரு மணி நேரம்கூட வைக்கமாட்டேன். பார்க்கிறதென்றால் மூச்சு இருக்கும்போதே வந்து பார். உன்னைப் பார்க்காமல் அவர் போய்விடுவாரோ என்ற ஒரே பயத்தில்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி. மணக்குள விநாயகர் உங்கள் எல்லோருக்கும் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
தெய்வநாயகம்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகிற நேரத்தில் கலைவாணி வந்தாள். பிரான்சிலிருந்து தினமும் வருவது ஆள் இல்லையாம். கூகுள் மாதிரி அங்கே இருக்கிற ஏதோ ஒரு தேடுகிற கம்பெனியின் மெஷினாம். எல்லாருடைய சைட்டுக்கும் தானாகப் போய்ப் படித்துவிட்டுப் போகுமாம். "தப்பாச் சொல்லிட்டேண்ணே" என்று தலையைக் குனிந்துகொண்டாள். ஆக, நீ ஒருநாள்கூட வந்து பார்க்கவில்லை. மேலே திட்டியதையெல்லாம் அழித்துவிட்டதாக நினைத்துக்கொள், திட்டு வாங்கவாவது ஆள் வந்திருக்க வேண்டும் அல்லவா? அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. சற்று முன்புகூட, "வந்தானா?" என்று கேட்டார். "வந்தான்பா" என்றேன். கஞ்சி குடித்துவிட்டுத் தூங்குகிறார். வெப்சைட் முகவரியைக் கவரின் பின்னால் எழுதியிருக்கிறேன். விமானம் ஏற முடியாவிட்டால் போகட்டும், அதையாவது ஒரு தடவை திறந்து பார், தம்பி. நான் அவரிடம் சொன்னதில் ஒரு நாளாவது நிஜமாக இருக்கட்டும்.