கிவ்வப்பாரும் மாம்பழ வண்ணப் பாவும்

ஒரே ஓர் ஆங்கிலத் தொடரைக் கொண்டு ஆயுள் முழுவதையும் நடத்திவிட முடியும் என்று நிரூபித்தவர், ஆரணி முழுக்கத் தேடினாலும், எங்கள் கிவ்வப்பார் ஒருவரே. தறியில் ஏற்றவேண்டிய நெடுக்கு இழைகளான பட்டுப் பாவை விடியற்காலையில் தெருநீளத்துக்கு நீட்டிக் கட்டி, இழைகளை ஒழுங்கு செய்து தருவது அவர் தொழில். 'கிவ் அப்' என்பது அவர் மந்திரம்.

பாவின் அருகே எவனாவது பீடி பற்றவைத்தால், "கிவ் அப்!" விட்டொழி என்று பொருள். செய்யாறு பேருந்தில் கர்ப்பிணி நிற்க, இளைஞன் அமர்ந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தால், "கிவ் அப்!" இடத்தைக் கொடு. தம்முடைய மொபெட் நடுவழியில் நின்றுபோனால் இரு கைகளையும் விரித்து அதற்கும் ஒரு "கிவ் அப்". வண்டி கைவிட்டுவிட்டதாம். ஐயத்தோடு அகராதியைப் புரட்டினேன். மூன்றும் பழுதற்றவை. சரணடைதல் என்ற பொருளும் அங்கே இருந்தது. அதை மட்டும் அவர் தொட்டதேயில்லை.

நாள்தோறும் பெருமாள் சந்நிதியில் பாசுரம் சேவிக்கும் எனக்கு அது பொறுக்கவில்லை. "சரணாகதிக்கு மேல ஒண்ணு இருக்குதா?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு சரி சாமி. இழை அறுந்தா பெருமாளா வந்து முடிச்சு போடுவாரு?"

சென்ற ஆண்டு, என் பேத்தியின் முகூர்த்தப் புடவைக்கான பாவு தெருவில் நீண்டிருந்தது. மாம்பழ வண்ணம், அவளே சாயப்பட்டறையில் நின்று தேர்ந்தது. அப்போது கோயிலுக்கு நேர்ந்துவிட்ட காளை வந்தது. அதை விரட்டுவது எங்கள் தெருவில் வழக்கமில்லை. அனைவரும் பக்தியோடு கைகூப்பினோம். அது பாவின் நடுவே நடந்து, இழைகளைக் கொம்பில் சுற்றிக்கொண்டு, அங்கேயே படுத்தும்விட்டது.

"டேய், கிவ் அப்!" என்று முழங்கினார் கிவ்வப்பார். காளை அசைபோட்டது. வாலை முறுக்கித்தான் எழுப்பினார்.

அந்தப் புடவையை நெய்யவிருந்த தறிக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "அறுத்துப் போட்டுட்டு கடையில ஒண்ணு வாங்கிக்கோங்க. கல்யாணத்துக்கு டைம் இல்ல." பேத்தியின் கண்கள் நிறைந்தன.

"யோவ், பேஜார் பண்ணாத, அப்பால போ. பாப்பா, நீ அழாத" என்று சிக்கலின் முன் அமர்ந்தார் கிவ்வப்பார். நண்பகல் கடந்தது. பொழுது சாயும் நேரத்தில், இன்னும் கால் பங்கு சிக்கல் மீந்திருக்கையில், இழைகள் அவர் விரல்களிலிருந்து நழுவத் தொடங்கின. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சும்மா பாத்துகினு நிக்கிறீங்களே சாமி, உங்க பாட்டைப் பாடுங்க. கை என்னுது. மிச்சத்தை உங்க பெருமாளு பாத்துக்கட்டும்."

பாடினேன். கடைசி முடிச்சு விழும்வரை இருவரும் நிறுத்தவில்லை.

முகூர்த்தத்துக்குப் புடவை வந்து சேர்ந்தது. மணமேடையிலிருந்து இறங்கிய பேத்தி நேரே சென்று அவர் காலில் விழுந்தாள். அவர் வெட்கத்தில் நெளிந்துகொண்டிருக்க, அவளுக்குப் பின்னால் வரிசையில் நான் நின்றிருந்தேன்.