மலை மூடித்தான் இருக்கு

உலகத்தில் எத்தனையோ ஓவிய ஆசிரியர்கள் இருக்கலாம். ஆனால் ஒரு கோடுகூடப் போட்டுக் காட்டாமல் ஒரு பள்ளிக்கூடம் முழுமைக்கும் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் லப்பர் சார் ஒருவர்தான். அவருக்கு வரையத் தெரியுமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் சொல்வார், பதில் சொன்னால் குழப்பம் கூடும் என்று பயந்தே கேட்காமல் விட்டேன்.

சின்னமனூருக்குப் பக்கத்தில் அரசு உதவி பெறும் ஒரு சின்னத் தொடக்கப்பள்ளி. நான் அங்கே நான்காம் வகுப்பு டீச்சர். ஓவியத்துக்கென்று நிர்வாகம் தனியாகச் சம்பளம் கொடுத்து அவரை வைத்திருந்தது. அல்லிநகரத்திலிருந்து ஒரு பழைய மொபெட்டில் வருவார். வந்த முதல் நாளே வகுப்பு வகுப்பாக நுழைந்து, பிள்ளைகளிடமிருந்த அழிரப்பர்களையெல்லாம் பிடுங்கி ஊறுகாய் ஜாடி ஒன்றில் போட்டு மூடிவிட்டார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வாயில் ரப்பர் எப்போதும் லப்பர்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அவருக்குப் பெயர் விழுந்துவிட்டது.

தலைமை ஆசிரியையை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். அவர் விசாரித்தார்.

"எதுக்கு சார் லப்பரையெல்லாம் பிடுங்குனீக?"

"போட்ட கோடு போட்டதுதான் டீச்சர். அழிச்சா அந்தக் கோடு எங்கன போகும்?"

பெரிய டீச்சர் என்னைப் பார்த்தார். நான் ஜாடியைப் பார்த்தேன்.

சரி, கண்டிப்பானவர் போலிருக்கிறது என்று நினைத்தோம். மறுநாள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பேப்பரே கொடுக்கவில்லை. ஆளுக்கொரு தம்ளர் தண்ணீர். விரலை நனைத்துச் சிமெண்டுத் தரையில் வரைய வேண்டும். பிள்ளைகள் யானை வரைந்தன, துதிக்கை முடிவதற்குள் பின்னங்கால் காய்ந்து போனது. அந்தக் காய்ந்த தரையைச் சுற்றி வந்து மார்க்கும் போட்டார். பெரிய டீச்சருக்குப் பொறுக்கவில்லை.

"அழியக் கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீக?"

"நாம அழிக்கக் கூடாது டீச்சர். அது தானா போனா நாம என்ன செய்ய முடியும்?"

இரண்டாம் வகுப்புக்கு வேறு பாடம். கண்ணை மூடிக்கொண்டு தன் காதைத் தானே தடவிப் பார்த்து, பிறகு அதை வரைய வேண்டும். வகுப்பு மொத்தமும் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை வராந்தாவிலிருந்து பார்த்த பெரிய டீச்சர், ஏதோ தண்டனை என்று நினைத்து உள்ளே போய், "போதும், கைய எடுங்க. இனிமே சேட்ட பண்ணக் கூடாது" என்று பொது மன்னிப்பு வழங்கிவிட்டார். பிள்ளைகளும், தாங்கள் என்ன தப்புச் செய்தோம் என்றே தெரியாமல், "சரிங்க டீச்சர்" என்றன.

மூன்றாம் வகுப்புக்குக் கத்தரிக்காய். ஒரே கத்தரிக்காய். சத்துணவுக் கூடத்திலிருந்து வாங்கி வந்து மேசையில் வைத்தார். அது பளபளப்பாக இருந்தபோதும் வரைந்தார்கள், சுருங்கியபோதும் வரைந்தார்கள், வாடை அடித்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு ஒற்றைக் கையால் வரைந்தார்கள். சமையல்கார அம்மா வாசலில் வந்து நின்று சத்தம் போட்டார். "ஏ ஆத்தா, சாம்பார்ல போட்டிருந்தா பிள்ளைக வயித்துக்காவது போயிருக்கும். இப்பிடி உக்கார வச்சா சாகடிப்பாக ஒரு காய?"

என் வகுப்பில்தான் பெரிய கலவரம். முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் பின்மண்டையை மட்டும் வரைய வேண்டும் என்று சொல்லிவிட்டார். பெற்றோர் கூட்டத்தன்று சுவர் முழுக்கப் பின்மண்டைகள். ஒரு தாய் என்னைப் பிடித்துக்கொண்டார். "என்னத்த டீச்சர் இது? எம்பிள்ளைக்கு மூஞ்சி இல்லையா?" என்று ஆரம்பித்தவர், சட்டென்று ஒரு படத்தின் முன் நின்றார். கோணலாக எடுத்த வகிடு, ஒன்று மேலே ஒன்று கீழே தொங்கும் இரண்டு சடை. "அட, இது நான் காலைல அவசரத்துல பின்னி விட்ட சடைல்ல!" என்று சிரித்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திட்ட வந்தவர் ஏன் அழுதார் என்று எனக்கு விளங்கவில்லை. லப்பர் சாரிடம் சொன்னேன். "அப்பிடியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மொபெட்டை உதைத்தார்.

இந்தச் சமயத்தில்தான் தாளாளர் உள்ளே வந்தார். பள்ளிக்குச் சொந்தக்காரர், ஊரில் வாழைத்தார் மண்டி வைத்திருப்பவர். எதையும் தட்டிப் பார்த்து வாங்கிப் பழகியவர். ஆண்டு விழாவுக்குக் கண்காட்சி வைக்க வேண்டும் என்றார்.

"அஞ்சாம் வகுப்புப் பிள்ளைக படம் நடுவுல இருக்கணும். ரெண்டு மலை, நடுவுல சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னமரம். பாக்க லட்சணமா இருக்கணும். இல்லேன்னா ஓவியத்த நிப்பாட்டிட்டு அபாகஸ் வச்சிருவோம். என்ன சார், சொன்னது வெளங்குச்சா?"

"வெளங்குச்சுங்கய்யா" என்றார் லப்பர் சார். எனக்குப் பகீரென்றது. அபாகஸ் வந்தால் அவருக்கு வேலை போகும். அதை நடத்துகிற தலையெழுத்து எனக்கு வரும்.

ஆனால் மனிதர் ஐந்தாம் வகுப்பில் குடிசையையும் தென்னைமரத்தையும் வாயில்கூட எடுக்கவில்லை. கிழக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டு, "அங்கன இருக்கு மேகமலை. இருக்கிறத வரைங்க" என்றார். பிள்ளைகள் பார்த்தன. சாரல் மாதம். மேகம் இறங்கி மலையை மூடியிருந்தது. விழா வரைக்கும் அது திறக்கவே இல்லை.

விழாவன்று காலை, சிறப்பு விருந்தினர் வருவதற்கு முன்பே தாளாளர் வந்துவிட்டார். ஐந்தாம் வகுப்புச் சுவரில் வரிசையாக வெள்ளைக் காகிதங்கள். சிலதில் பென்சிலை லேசாகத் தேய்த்த சாம்பல் நிறம், அவ்வளவுதான்.

"என்னய்யா, படத்த இன்னும் ஒட்டலையா?"

"ஒட்டியிருக்குங்கய்யா" என்றன பிள்ளைகள்.

"மலை எங்கலே?"

"இன்னைக்கும் வரலீங்கய்யா."

தாளாளர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். உண்மைதான், மலை இல்லை. அவர் முகத்தில் நாங்கள் எல்லோரும் மாதக்கணக்கில் சுமந்து திரிந்த அந்தக் குழப்பம் வந்து உட்கார்ந்தது. எதையாவது அதட்டியாக வேண்டும் அல்லவா? ஒரு காகிதத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு மஞ்சள் புள்ளி தென்பட்டது.

"இது என்ன, சாம்பார் கறையா? விருந்தாளி வர்ற நேரத்துல! ஒரு லப்பர் குடுங்க, நானே அழிக்கிறேன்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பள்ளிக்கூடம் முழுக்கத் தேடினாலும் ஒரு லப்பர் கிடையாது. ஜாடி அல்லிநகரத்தில் லப்பர் சார் வீட்டில் இருந்தது. தாளாளர் நகத்தால் சுரண்டப் போனார். ஐந்தாம் வகுப்பு முத்துமாரி ஓடிவந்து காகிதத்தின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.

"அழிக்காதீகய்யா. அது எங்கப்பா ஜீப்பு. எஸ்டேட்டுல இருந்து எறங்குறாக. மூடியிருந்தா லைட்டு மட்டுந்தான் தெரியும்."

தாளாளர் கையை எடுத்துக்கொண்டார். அந்தப் படத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். வெறும் வெள்ளைக் காகிதம் என்று நானும்தான் நினைத்திருந்தேன்.

"எனக்கு ஒண்ணும் வெளங்கல" என்றார் தாளாளர் கடைசியில், யாரையும் பார்க்காமல். "மலை தொறக்கட்டும். பிள்ளைக வரையட்டும். பாத்துட்டு, அப்பறமா அபாகஸ் பத்திப் பேசுவோம்."

அடுத்த வாரமே மலை திறந்துவிட்டது. கழுவி வைத்தது போலப் பச்சைப் பசேலென்று ஜன்னல் நிறைய நின்றது. மாதம் முடிந்து தாளாளர் வந்தார். அறையில் பெரிய டீச்சரும் நானும் மட்டும் இருந்தோம்.

"என்ன டீச்சர், மலை தொறந்துச்சா?"

பெரிய டீச்சர் வாழ்நாளில் பொய் சொல்லாதவர். வருகைப் பதிவில் ஐந்து நிமிடம் கூட்டிப் போட மாட்டார். அவர் அந்த மலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"மூடித்தான்யா இருக்கு."

தாளாளரும் ஜன்னலைப் பார்த்தார். வெயிலில் கண் கூச, கையை நெற்றியில் வைத்து மறைத்துக்கொண்டு, நிதானமாகப் பார்த்தார்.

"ஆமா, மூடித்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் பிள்ளைகள் படிப்புக்காக நான் இப்போது மதுரைக்கு வந்துவிட்டேன். லப்பர் சார் என்ன சொல்லிக்கொடுத்தார் என்று யாராவது கேட்டால் இப்போதும் விழிப்பேன். ஆனால் ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளி திறந்ததும் பெரிய டீச்சருக்குப் போன் போட்டு, நலம் விசாரிப்பதற்கு முன்னால், "அக்கா, மலை எப்பிடியிருக்கு?" என்றுதான் கேட்கிறேன். "மூடித்தான் இருக்கு தாயி" என்கிறார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அந்த வருஷம் சரியாகத் தொடங்குகிறது.